பதிவேடும் ஓரக்குறிப்பும்: பிறப்புச் சான்றிதழில் பாலினத் திருத்தம், காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

பிறப்புச் சான்றிதழ் என்பது தனித்து எழுதப்படும் ஆவணம் அன்று. பிறப்புப் பதிவேடு என்னும் அரசு ஏட்டில் ஒரு குழந்தையைப் பற்றி எழுதப்பட்டுள்ள விவரங்களிலிருந்து எடுத்துத் தரப்படும் சான்றிட்ட பகுதியே அது. பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு பாலினமும் அவ்வேட்டில் ஒரு கலமாக இடம்பெறுகிறது. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டவர் பெண்ணாகவோ, பெண் என்று எழுதப்பட்டவர் ஆணாகவோ, இவ்விரண்டிலும் அடங்காதவராகவோ தம்மை உணர்ந்து அவ்வாறே வாழும்போது, அந்தக் கலத்தில் உள்ள சொல்லை மாற்றலாமா, மாற்றலாம் எனில் யார், எந்தச் சட்டத்தின்கீழ், எம்முறையில் மாற்றுவது என்பது இந்திய நீதிமன்றங்களிலும் ஆட்சியர் அலுவலகங்களிலும் தொடர்ந்து எழுந்துவரும் கேள்வி. உரிமை உண்டா என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டிலேயே விடை தந்துவிட்டது. ஏட்டில் எவ்வாறு எழுதுவது என்னும் எளிய பகுதிதான் இன்னும் தெளிவடையாமல் கிடக்கிறது. மனிதர்கள் அலைக்கழிக்கப்படுவதும் அந்தப் பகுதியில்தான்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கெனத் தனிச்சட்டம் 1899இல் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின், நாடு முழுமைக்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன்கீழ்த் தமிழ்நாட்டுக்கான இன்றைய விதிகள் 2000ஆம் ஆண்டுக்குரியவை. பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் இயக்குநரே மாநிலத்தின் தலைமைப் பதிவாளர். பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்ததாயினும் பிறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடமே அது பதிவாக வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இதனால் ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த தாய் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையில் மகவு ஈன்றால், அக்குழந்தையின் பிறப்பு தஞ்சாவூரில் பதிவாகிறதே தவிர அவளது ஊரில் அன்று. பதிவுப் படிவம் இரு கூறுகளாக அமைந்தது. தாயின் கல்வி, சமயம் போன்றவை அடங்கிய புள்ளிவிவரப் பகுதி தனியே பிரித்து அனுப்பப்பட, எஞ்சும் சட்டப் பகுதிகள் ஒன்றுசேர்ந்து பதிவேடாகின்றன. பாலினக் கலம் இந்தச் சட்டப் பகுதியில் உள்ளது. ஆகவே அது வெறும் கணக்கெடுப்புக்கான குறிப்பு அன்று, சட்ட மதிப்புடைய பதிவு.

காவிரிப் படுகையின் பழைய ஏடுகளில் இக்கலத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. பெயர் சூட்டுமுன்பே பிறப்பைத் தெரிவித்துவிடுவது வழக்கமாக இருந்ததால், பல பதிவுகளில் பெயர்க் கலம் வெறுமையாக விடப்பட்டது. பின்னர் பெயரைச் சேர்க்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடமளித்தும், பலர் அதைச் செய்யவில்லை. அத்தகைய பதிவில் தந்தை பெயர், தாய் பெயர், நாள், ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்னும் ஒற்றைச் சொல் ஆகியவையே இருக்கும். அந்த ஒற்றைச் சொல்தான் அண்ணனையும் தங்கையையும் ஏட்டில் வேறுபடுத்திக் காட்டுவது. நாற்பது வயதில் ஒரு திருநங்கை தம் பிறப்புச் சான்றைத் தேடிப் போகும்போது, அவரைக் குறிக்கும் அடையாளமாக ஏட்டில் எஞ்சியிருப்பது அவர் ஏற்காத அந்தச் சொல் ஒன்றே. வீட்டுப் பிரசவங்களில் பிறந்து பதிவே ஆகாதவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுமே பிறந்த நாளுக்கான ஆதாரங்களாக நின்றன.

இந்த நிலை மாறிக்கொண்டிருக்கிறது என்பதால் கேள்வியின் அவசரமும் கூடியுள்ளது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குக் கல்விக்கூடச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, ஆதார் எண் ஆகிய அனைத்திலும் பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழையே அது முன்னிறுத்துகிறது. பெரியவர்களுக்கு இதுவரை பள்ளிச் சான்றிதழ் போன்ற மாற்று வழிகள் இருந்தன. இனி வரும் தலைமுறைக்கு அடித்தள ஆவணம் இதுவொன்றே. அடித்தளத்தில் உள்ள சொல் தவறாக இருந்தால் அதன்மேல் எழும் ஆவணங்கள் அனைத்திலும் அத்தவறு படிந்துவிடும்.

தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தனர். ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை, வாழ்வுரிமையையும் கருத்துரிமையையும் சமத்துவத்தையும் காக்கும் அரசமைப்புக் கூறுகளிலிருந்தே பிறக்கிறது என்றும், உடலமைப்பைக் காட்டிலும் உள்ளத்தின் உணர்வே அளவுகோல் என்றும், அங்கீகாரம் பெற அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. திருநர் என்பது, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் பாலின உணர்வு ஒத்துப்போகாத அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல். பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, ஆணாக வாழ்பவர் திருநம்பி. இத்தீர்ப்பு வருமுன்பே தமிழ்நாடு சில அடிகள் முன்னே சென்றிருந்தது. இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கைகள் நல வாரியம் இங்கே 2008 ஏப்ரல் 15 அன்று அமைக்கப்பட்டது. அதே நாள் பின்னர் திருநங்கையர் நாளாகவும் கடைப்பிடிக்கப்படலாயிற்று. ஆயினும் வாரியம் தந்த அடையாள அட்டை நலத்திட்டங்களுக்கான திறவுகோலாக இருந்ததே ஒழிய, பிறப்புப் பதிவேட்டைத் தொடும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகள் 2020 செப்டம்பரில் வெளியாயின. இயற்றப்பட்ட வடிவில் அச்சட்டம் இரண்டு படிகளை வகுத்தது. முதற்படியில், ஒருவர் பிரமாணப் பத்திரத்துடன் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை ஏதுமின்றித் திருநர் என்னும் அடையாளச் சான்றிதழைப் பெறலாம். இரண்டாம் படியில், சிகிச்சைக்குப் பின் மருத்துவக் கண்காணிப்பாளரின் சான்றோடு மீண்டும் விண்ணப்பித்து, ஆண் அல்லது பெண் என்று குறிக்கும் திருத்திய சான்றிதழைப் பெறலாம். அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறிய ஆறாண்டுகளுக்குள் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதையே ஆண், பெண் என்னும் குறிப்புக்கு நிபந்தனையாக்கியது ஒரு பின்னடைவே. விதிகள், மனநல ஆலோசனை, இயக்குநீர் சிகிச்சை ஆகியவற்றையும் மருத்துவத் தலையீடு என்னும் சொல்லுக்குள் அடக்கி அந்நிபந்தனையைத் தளர்த்தின. ஆனால் விதி தளர்த்தியதைச் சட்டத்தின் சொல் அனுமதிக்கிறதா என்னும் ஐயம் எஞ்சவே செய்தது.

பிறப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் வாசகத்தில் ஓர் இடைவெளி உண்டு. சான்றிதழ் பெற்றவரின் பாலினம் எல்லா அதிகாரபூர்வ ஆவணங்களிலும் அதன்படியே பதியப்பட வேண்டும் என்று 6ஆம் பிரிவு பொதுவாகச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் 7ஆம் பிரிவோ, அதில் முதற்பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையை மட்டுமே எடுத்துரைக்கிறது. பாலினத்தைப் பற்றி அவ்விடத்தில் பேச்சில்லை. இந்த இடைவெளியை விதிகள் அடைக்கின்றன. அவற்றின் இணைப்பில் உள்ள ஆவணப் பட்டியலில் பிறப்புச் சான்றிதழ் இடம்பெற்றுள்ளது. பெயர், பாலினம், ஒளிப்படம் ஆகியவற்றை விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் உரிய அலுவலகம் மாற்றித்தர வேண்டும். மாற்றிய ஆவணத்திலும் பழைய வரிசை எண்ணே தொடர வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு, சிறியதாகத் தோன்றினாலும், நுட்பமானது. எண் மாறாதிருப்பதால் பழைய ஆவணத்துக்கும் புதியதற்கும் உரியவர் ஒருவரே என்பது கேள்விக்கிடமின்றி நிலைநிற்கிறது. கடன், வழக்கு, வரி ஆகிய கடமைகளிலிருந்து பெயர் மாற்றத்தின் மறைவில் யாரும் நழுவிவிடலாம் என்னும் அச்சத்துக்கு அதுவே போதிய விடை.

இவ்வளவும் இருந்தும் பதிவாளர் தயங்குவதற்குக் காரணம், அவர் கையில் உள்ள சட்டம் வேறு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு பதிவு வடிவத்திலோ பொருளிலோ பிழையானது என்றோ, மோசடியாகவோ முறையற்றோ செய்யப்பட்டது என்றோ மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே அதைத் திருத்தவோ நீக்கவோ அனுமதிக்கிறது. மருத்துவர் குழந்தையின் உடலைப் பார்த்து ஆண் என்று தெரிவித்தார், அவ்வாறே எழுதப்பட்டது. இதில் பிழை எங்கே என்று பதிவாளர் கேட்கிறார். மாற்றத்துக்கும் பிழைத்திருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டும் அவரது கேள்வியை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. ஆட்சியரின் சான்றிதழைக் கொண்டுவருபவரிடம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிக்கை வெளியிட்டு வருமாறும், நீதிமன்ற ஆணை பெற்று வருமாறும் அலுவலகங்கள் கூறுவது இந்தத் தயக்கத்திலிருந்துதான். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடும் அரசிதழ் அறிவிக்கை பெயர் மாற்றத்தை ஊரறியச் செய்வதே தவிரப் பதிவேட்டைத் தானாகத் திருத்துவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டும் விண்ணப்பதாரர் முதலில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாகிறது.

ஆனால் அதே 15ஆம் பிரிவைச் சற்று நெருங்கிப் படித்தால், தயக்கத்துக்கான மருந்தும் அங்கேயே இருப்பது புலப்படும். திருத்தம் செய்யும் பதிவாளர் மூலப் பதிவில் ஒரு சொல்லையும் அடிக்கவோ அழிக்கவோ கூடாது. பதிவின் ஓரத்தில் உரிய குறிப்பை எழுதி, அதன்கீழ்த் தம் கையெழுத்தையும் நாளையும் இட வேண்டும் என்று அப்பிரிவு ஆணையிடுகிறது. இதுவே ஓரக்குறிப்பு எனப்படுவது. பிறந்த அன்று மருத்துவர் கண்டது ஏட்டின் நடுவில் அப்படியே இருக்கும். பின்னாளில் சட்டம் ஏற்றுக்கொண்ட உண்மை ஓரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நாள் உண்டு, பொறுப்பேற்ற கையெழுத்து உண்டு. வரலாறு அழிக்கப்படுகிறது என்ற முறையீட்டுக்கு இம்முறையில் இடமே இல்லை. பாலினத் திருத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைப் புதிதாக யாரும் உருவாக்க வேண்டியதில்லை.

ஏட்டில் உள்ள யாவும் சான்றிதழில் தோன்றியாக வேண்டுமா என்பது அடுத்த வினா. இங்கேயும் பதிவுச் சட்டமே முன்மாதிரி தருகிறது. இறப்புப் பதிவிலிருந்து தரப்படும் எந்தப் பகுதியிலும் இறப்பின் காரணம் வெளிப்படுத்தப்படலாகாது என்று 17ஆம் பிரிவு தடை விதிக்கிறது. காரணம் ஏட்டில் இருக்கிறது, அரசு அதை அறிந்திருக்கிறது. எனினும் இறந்தவரின் மதிப்பும் குடும்பத்தின் அந்தரங்கமும் கருதிச் சான்றிதழ் அதை மறைக்கிறது. தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்கு வளர்ப்புப் பெற்றோரையே பெற்றோராகக் குறித்துப் பிறப்புச் சான்றிதழ் வழங்கப்படுவதும் இத்தகையதே. பிறந்த நாளன்று அவர்கள் பெற்றோராக இருக்கவில்லை, ஆயினும் சட்டம் பின்னர் ஏற்படுத்திய உறவைச் சான்றிதழ் பேசுகிறது. திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைக் கூறாமலே, ஒரு பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், திருநர் இணையர் ஒருவரின் குழந்தைக்கான சான்றிதழில் தாய், தந்தை என்று பிரிக்காமல் இருவரையும் பெற்றோர் என்றே குறிக்குமாறு ஆணையிட்டது. பிறப்புச் சான்றிதழ் பிறப்பின் கணத்தில் உறைந்துபோன ஒன்று என்னும் கருத்து, ஆகவே, இந்தியச் சட்டத்தில் ஏற்கெனவே பலமுறை கைவிடப்பட்ட கருத்தே.

காவிரிப் படுகையிலேயே கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாயவரத்தில் 1980க்கு முன் பிறந்த ஒருவரின் சான்றிதழ் ‘மாயவரம், தஞ்சாவூர் மாவட்டம்’ என்று சொல்லும். அவ்வூர் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. 1991இல் பிரிக்கப்பட்ட நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் சென்றது. 2020 டிசம்பரில் தானே ஒரு மாவட்டமாயிற்று. பெயரும் மாவட்டமும் இத்தனை முறை மாறியும், மாயவரத்தில் பிறந்தவர் வேறு மயிலாடுதுறைக்காரர் வேறு என்று எந்த அலுவலரும் ஐயுறுவதில்லை. அரசாணை அறிவித்த மாற்றத்தை எல்லா மேசைகளும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு மனிதரைப் பற்றி ஆட்சியர் கையெழுத்திட்ட ஆணைக்கும் அதே மதிப்பைத் தருவதில் தயக்கம் ஏன் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் இச்சிக்கலை நேராக எதிர்கொண்டது. ஒரு திருநங்கையின் பிறப்புச் சான்றிதழைத் திருத்த, 15ஆம் பிரிவில் பிழைக்கு மட்டுமே இடமுண்டு என்று பதிவாளர் மறுத்த வழக்கு அது. பதிவாளரின் சட்ட வாசிப்பு பிழையன்று என்று ஏற்ற நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ், 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம் தனிச்சட்டமாதலால் அதன்படியே செயல்பட வேண்டும் என்று கூறி, 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வேண்டிய திருத்தங்களைப் பரிந்துரைக்குமாறு மாநிலச் சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார். அதுவரை பழைய பெயர், பாலினம் ஆகியவற்றோடு புதியவற்றையும் சேர்த்துக் காட்டும் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்பது அவரது இடைக்கால ஏற்பாடு. வழி அடைபட்ட இடத்தில் வழி திறந்த தீர்ப்பு என்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. எனினும் பழையதும் புதியதும் ஒருசேரத் தெரியும் சான்றிதழை ஒவ்வொரு பள்ளியிலும் வங்கியிலும் நீட்டுபவர், ஒவ்வொரு முறையும் தம் கடந்த காலத்தை முன்பின் தெரியாதவர் முன் திறந்து காட்ட நேர்கிறது. ஏட்டில் இரண்டும் இருக்கட்டும், சான்றிதழில் புதியது மட்டும் தோன்றட்டும் என்பதே, இறப்புக் காரணத்துக்கு 17ஆம் பிரிவு காட்டும் வழியை ஒட்டிய, நேரிய தீர்வாகும்.

பிற நாடுகளின் அனுபவமும் ஏறத்தாழ இதையே காட்டுகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து பிரிட்டன் 2004இல் இயற்றிய சட்டம், பாலின அங்கீகாரத்துக்கெனத் தனிப் பதிவேட்டை உருவாக்கியது. அதிலிருந்து தரப்படும் பிறப்புச் சான்றிதழ் மற்றவர்களுடையதைப் போலவே தோன்றும், மூலப் பதிவுக்கும் அதற்குமான தொடர்பு பொதுமக்கள் பார்வைக்கு வராது. அர்ஜென்டினா 2012இலும் அயர்லாந்து 2015இலும் மருத்துவச் சான்றையே விலக்கி, வயது வந்தவரின் அறிவிப்பைப் போதுமானதாக்கின. தமிழர் வாழும் நாடுகளில் நிலை சீராக இல்லை. இலங்கையில் 2016இல் வந்த சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையின்படி, மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பின் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, அதன் துணைகொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. சிங்கப்பூர் அறுவை சிகிச்சை செய்தவரின் அடையாள அட்டையைத் திருத்துகிறதே தவிரப் பிறப்புச் சான்றிதழைத் தொடுவதில்லை.

ஊடுபால் உடலமைப்புடன் பிறக்கும் குழந்தைகளைத் தனியே கருத வேண்டும். பிறப்புறுப்போ குரோமோசோம் அமைப்போ ஆண், பெண் என்னும் வழக்கமான வரையறையில் அடங்காதவர்களை இச்சொல் குறிக்கும். அவர்கள் அனைவரும் திருநர் அல்லர். 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியில் ஏதேனும் ஒரு சொல்லைக் கலத்தில் இட்டுவிட்டு, பின்னர் அந்தச் சொல்லுக்கு ஏற்ப உடலை மாற்றும் கொடுமை மருத்துவத்தின் பெயரால் நிகழ்ந்து வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் வழங்கிய தீர்ப்பு, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று கூறியதோடு, ஊடுபால் குழந்தைகள் மீதான இத்தகைய அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதிக்கவும் பணித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை நீங்கலாக, தமிழ்நாடு அரசு தடையாணை பிறப்பித்தது. இக்குழந்தைகள் வளர்ந்து தம் பாலினத்தை உணரும்போது கேட்கும் திருத்தம், 15ஆம் பிரிவு சொல்லும் பொருட்பிழையின் நேர்ப்பொருளிலேயே அடங்கும். அவர்களைத் திருநர் சான்றிதழ் பெற்று வருமாறு திருப்பி அனுப்புவது சட்டப்படியும் தவறு, அறத்தின்படியும் தவறு.

நெல்லும் நிலமும் வாழ்வின் மையமான ஒரு நாட்டில், பாலினக் கலம் இறுதியில் சென்று முட்டுவது வாரிசுரிமையிலும் வயலிலும்தான். தந்தை இறந்தபின் வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்றிதழில் ஒவ்வொருவரும் மகன், மகள் என்னும் உறவோடு குறிக்கப்படுகின்றனர். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையின்போது குடும்ப அட்டையில் இருக்கும் மகன் பெயருக்கும், ஆதாரில் வேறு பெயரோடு நேரில் நிற்கும் மகளுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்க வேண்டியது விண்ணப்பதாரரின் பொறுப்பாகிறது. அந்தத் தொடர்பு அறுந்தால் பட்டா மாறுதல் நிற்கும். பட்டா இல்லையேல் சிட்டாவும் அடங்கலும் அவர் பெயரில் வாரா. அவையின்றித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தம் பெயரில் சம்பா நெல்லைப் போட முடியாது. வீட்டைவிட்டு இளமையிலேயே வெளியேற்றப்பட்டவர்கள் திருநங்கையரில் பலர் என்பதால், உடன்பிறந்தார் அவர்கள் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று பெறுவதும் எளிதாகிவிடுகிறது.

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பாலினத்தை மாற்றிக்கொண்டால் சொத்தில் பங்கு கூடும், குறையும் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி தந்தையின் தனிச்சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் 1956 முதலே சமபங்கு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் திருமணமாகாத மகள்களுக்கும், 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பிறப்புரிமை அளித்துவிட்டன. ஆகவே மகன் மகளாவதால் ஒரு குழிப் பங்குகூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கிறித்தவர்களுக்குரிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் அவ்வாறே. இஸ்லாமியத் தனிநபர் சட்டத்தில் மட்டும் மகளின் பங்கு மகனுடையதில் பாதி என்பதால், நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ இக்கேள்வி உண்மையிலேயே பங்கைத் தொடும். அதற்கு 2019ஆம் ஆண்டின் சட்டம் விடை எதுவும் சொல்லவில்லை. பிரிட்டன் சட்டம், அது நடைமுறைக்கு வருமுன் எழுதப்பட்ட உயில்களின் கீழான பங்கைப் பாலின அங்கீகாரம் பாதிக்காது என்று முன்னெச்சரிக்கையோடு எழுதி வைத்தது. அத்தகைய தெளிவு இங்கும் தேவை; அது இல்லாததைக் காரணம் காட்டி எல்லோருடைய திருத்தத்தையும் நிறுத்தி வைப்பதில் நியாயமில்லை.

படுகையின் ஆட்சி எல்லைகளும் அலைச்சலைப் பெருக்குகின்றன. அடையாளச் சான்றிதழுக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் வசித்த மாவட்டத்தின் ஆட்சியரை அணுக வேண்டும் என்பது விதி. பிறப்புத் திருத்தத்துக்கோ பிறந்த ஊரின் பதிவாளரை அணுக வேண்டும். மயிலாடுதுறையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்பவருக்கு ஆட்சியர் ஓரிடத்தில், பதிவாளர் மற்றோரிடத்தில். மறுப்பை எதிர்த்து வழக்குத் தொடுக்க நேர்ந்தால், தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் ஆளுகைக்குள் வர, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவை சென்னையில் உள்ள முதன்மை அமர்வின்கீழ் வருகின்றன. ஒரே காவிரியின் கிளையாறுகள் பாயும் நிலத்தில், பிறந்த ஊருக்கேற்ப ஒருவர் மதுரைக்கும் மற்றொருவர் சென்னைக்கும் பயணப்பட வேண்டியிருக்கிறது. கூலி வேலையும் கடைதோறும் சென்று காசு கேட்பதும் அன்றி வேறு வருவாயற்றவருக்கு நீதிமன்றம் ஒரு தீர்வு என்று சொல்வது வெறும் சொல்லாகவே முடியும்.

பெயரும் ஆவணமும் சேர்ந்து நடக்காதபோது என்ன நேரும் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் ஒரு வழக்கு போதிய சான்று. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த கே. பிரித்திகா யாஷினி, சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டது என்பதாலேயே தொடக்கத்தில் நிராகரிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின்னரே அப்பணிக்கு வந்த முதல் திருநங்கை ஆனார். தஞ்சாவூரோடு தொடர்புடைய மற்றொருவர் நர்த்தகி நடராஜ். தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர், அவர் சூட்டிய பெயராலேயே அறியப்படுபவர், 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆசானும் அரசும் ஒருவரை அவருடைய பெயரால் அழைக்க முடியும் என்று காட்டிய மண் இது. பெயர் பெற்றவர்களுக்குக் கிடைத்த மதிப்பு பெயர் பெறாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ பிரிவில் தம்மைப் பதிந்துகொண்டவர்கள் 22,364 பேர். பெண் என்றோ ஆண் என்றோ பதிந்துகொண்ட திருநரும், அஞ்சி மறைத்தவர்களும் இவ்வெண்ணிக்கையில் இல்லை.

இதற்காக நாடாளுமன்றத்தின் புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மத்திய அரசின் ஒப்புதலோடு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகிறது. ஆட்சியரின் சான்றிதழை 15ஆம் பிரிவுக்கான போதிய ஆதாரமாக ஏற்க வேண்டும், மாற்றத்தை ஓரக்குறிப்பாக எழுத வேண்டும், வழங்கப்படும் சான்றிதழில் திருத்திய பெயரும் பாலினமும் மட்டுமே இடம்பெற வேண்டும், பிறந்த ஊர் எதுவாயினும் வசிக்கும் ஊரிலேயே விண்ணப்பத்தைப் பெற்று உரிய பதிவாளருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்னும் நான்கு கட்டளைகள் அவ்விதிகளில் சேர்ந்தால் போதும். விதி வரும்வரை, தலைமைப் பதிவாளர் தம் கீழுள்ள பதிவாளர்கள் அனைவருக்கும் தெளிவான ஒரு சுற்றறிக்கையை அனுப்பலாம். அதை அவர் இந்த ஆண்டே செய்ய வேண்டும்.